டைனமான்னு சொன்னா தப்பா?

சென்ற ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரியங்காவு ஐயன் கோயிலுக்குப் போய்விட்டுத் தென்காசிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டி எங்க அத்தானுடையது. பத்துப் பேர் உட்காரலாம், டீசல், வயது இருபதைத் தாண்டியாயிற்று. குற்றால சீசனில் வெளியூர்க்காரர்களை ஐந்தருவிக்கும் பழைய அருவிக்கும் ஏற்றி இறக்கித்தான் அத்தானுக்கு அந்த வருஷத்துக் காசு வர வேண்டும். கோட்டைவாசல் தாண்டி இறங்கும்போது சாரல் பிடித்துக்கொண்டது. ஹெட்லைட், வைப்பர், உள்விளக்கு எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. புளியரை வளைவுகளுக்குச் சற்று மேலே, டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. கூடவே, "பிரேக்கு என்ன கல்லு மாதிரி இருக்கு?" என்று அத்தான் முனகினார். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று அப்போது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

இறக்கம் முடிந்து ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தினோம். இஞ்சினை அணைக்கவில்லை, அணைத்தால் திரும்ப ஸ்டார்ட் ஆகாதோ என்று பயம். கடையில் நின்ற ஒரு பெரியவர் தானாகவே உதவிக்கு வந்தார். முந்தி லாரியில் ஓடியவராம். "டைனமா சார்ஜ் ஏத்துதான்னு ஒரு நிமிசத்துல பாத்துருவோம்" என்று சொல்லி, பானெட்டைத் தூக்கி, ஓடுகிற வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றினார். ஹெட்லைட் ஒரு கணம் வெள்ளையாகப் பளிச்சென்று எரிந்து அணைந்தது. "ஆமா, டைனமா போச்சு" என்றார். நல்ல மனசுக்காரர். டீக்குக் காசுகூட வாங்கவிடவில்லை. செங்கோட்டை தாண்டி வீடுவரை, பார்க்கிங் லைட்டோடு ஒரு கேரளா பஸ்ஸின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் காலை, எங்க பக்கத்தில் ரொம்ப காலமாக ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். "டைனமாவ கழட்டிட்டு வாங்க தம்பி, பாப்போம்" என்றார். எனக்குப் படித்த திமிர். "அது டைனமோ இல்ல அண்ணாச்சி, ஆல்டர்னேட்டர்" என்றேன். அவர் கையிலிருந்த சாலிடரிங் அயர்னை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எல்லாம் ஒண்ணுதான் தம்பி. அது வந்து இது போச்சு. நான் ரெண்டையும் பாத்தவன்."

இந்தக் குறிப்பு அந்த ஒரு வரியிலிருந்து தொடங்கியது. இரண்டும் ஒன்றா? ஒன்று இல்லையென்றால், தமிழ்நாட்டில் பாதி மெக்கானிக்குகள் இன்றைக்கும் ஏன் 'டைனமா' என்கிறார்கள்? வீட்டுக்கு வந்து தேடத் தொடங்கினேன். வண்டி வாசலில் நின்றது. சனிக்கிழமை அத்தானுக்கு மதுரை பார்ட்டி ஒன்று புக் ஆகியிருந்தது. அதனால் தேடலும் ஸ்பானரும் ஒரே வாரத்தில் நடந்தன.

மைக்கேல் ஃபாரடே 1831-ல் காந்தத்தைக் கம்பிச்சுருளுக்குப் பக்கத்தில் அசைத்தால் மின்சாரம் வரும் என்று காட்டினார். இது பள்ளிப் பாடம். அடுத்த வருஷமே, 1832-ல், பாரிஸில் கருவிகள் செய்துகொண்டிருந்த ஹிப்போலிட் பிக்ஸி கையால் சுற்றும் ஒரு இயந்திரம் செய்தார். குதிரைலாட காந்தம் சுற்றும், மேலே கம்பிச்சுருள் அசையாமல் நிற்கும். அதிலிருந்து வந்த மின்சாரம் ஒரு திசையில் ஓடவில்லை. காந்தத்தின் வடமுனை கடக்கும்போது ஒரு பக்கம், தென்முனை கடக்கும்போது மறுபக்கம் என்று முன்னும் பின்னும் ஆடியது. அன்றைக்கு யாருக்கும் அந்த ஆட்டம் தேவைப்படவில்லை. பேட்டரி தருவது போல ஒரே திசையில் ஓடுவதுதான் வேண்டும். ஆம்பியர் (ஆம்பியர் கணக்கில் நாம் சொல்கிறோமே, அவரேதான்) ஒரு யோசனை சொன்னார்: திசை மாறுகிற அதே நொடியில் வயர் இணைப்பையும் மாற்றிவிடுகிற ஒரு சுவிட்சை அச்சிலேயே வை. அதுதான் கம்யூட்டேட்டர்.

இதில் கவனிக்க வேண்டியது, முதலில் பிறந்தது நாம் இன்றைக்கு ஆல்டர்னேட்டர் என்று சொல்கிற சரக்குதான். காந்தம் சுற்றுகிறது, சுருள் நிற்கிறது, வருவது ஏசி. டைனமோ அதன்மேல் வைத்த ஒரு ஒட்டு.

'டைனமோ' என்ற சொல் இன்னும் முப்பது சொச்சம் வருஷம் கழித்துத்தான் வருகிறது. நிரந்தரக் காந்தத்துக்குப் பதிலாக, இயந்திரம் தன் மின்சாரத்தைக் கொண்டே தன் காந்தத்தை வலுவாக்கிக்கொள்ளலாம் என்பதை 1866-67-ல் ஒரே சமயத்தில் பல பேர் கண்டுபிடித்தார்கள். அதில் ஒருவரான வெர்னர் சீமென்ஸ் வைத்த பெயரில்தான் டைனமோ என்ற சொல் இருந்தது. சக்தி என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஏசி, டிசி என்ற பேதம் அந்தப் பெயருக்குள் இல்லை. சில்வானஸ் தாம்ப்சன் 1884-ல் வெளியிட்ட டைனமோ இயந்திரங்கள் பற்றிய கையேடு இஞ்சினியர்களுக்கு வேதம் மாதிரி இருந்தது. அதில் ஏசி இயந்திரங்களும் அதே கூரையின் கீழ்தான் வருகின்றன. 'ஆல்டர்னேட்டிங் கரண்ட் டைனமோ' என்றுதான் அன்றைக்கு ஆங்கிலத்திலேயே எழுதினார்கள். ஆல்டர்னேட்டர் என்பது அதைச் சுருக்கி வந்த செல்லப்பெயர்.

ஆக, முதல் சுற்றில் அண்ணாச்சிதான் ஜெயித்தார்.

கார்களுக்கு மின்சாரம் வந்த கதையை ரொம்ப நீட்டப் போவதில்லை. முதலில் கார்பைட் விளக்கும் கையால் சுற்றும் ஹாண்டிலும்தான். சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின்சார ஸ்டார்ட்டரை 1912 மாடல் காடிலாக்கில் பொருத்தியபிறகு நிலைமை மாறியது. ஸ்டார்ட்டர் இருந்தால் பேட்டரி வேண்டும், பேட்டரி இருந்தால் அதை ஏற்ற டைனமோ வேண்டும். பேட்டரிக்கு ஒரு திசை மின்சாரம்தான் ஆகும், அதனால் கம்யூட்டேட்டர் வைத்த டிசி டைனமோ வண்டிக்குள் ஏறி, அடுத்த ஐம்பது வருஷம் அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

அதே 1912-ல்தான் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். பிறகு மதுரையில் நிலைகொண்ட டிவிஎஸ் பெரிய மரமாக வளர்ந்தது எல்லாருக்கும் தெரியும். அவர் நம்ம பக்கத்துக்காரர், திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்தவர் என்பது அவ்வளவு பேருக்குத் தெரியாது. இந்த வரலாற்றில் அவர் குடும்பத்தின் பெயர் இன்னொரு தடவை வரும்.

பஸ் வந்ததைப் பற்றி எங்க ஆச்சி ஒன்று சொல்வாள். அவள் ஊரில் அப்போது கரண்ட் கிடையாது. சாயங்காலம் கடைசிப் பஸ் வந்து திரும்பும்போது உள்ளே எரியும் மஞ்சள் பல்பைப் பார்க்கவே பிள்ளைகள் ஓடுவார்களாம். "டிரைவரு வண்டிய அணைக்காம நிப்பாட்டுவான், லைட்டு மங்கிக்கிட்டே வரும். கெளம்பினா பளிச்சுன்னு ஏறும், பேய் மாதிரி" என்பாள். சின்ன வயதில் இதைக் கதையாகக் கேட்டேன். இப்போது கேட்டால் டைனமோவின் குறைபாட்டை இதைவிட அழகாக யாரும் விளக்க முடியாது என்று தோன்றுகிறது. இஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோ கிட்டத்தட்ட ஒன்றும் தராது. பேட்டரிதான் முழுப் பாரத்தையும் இழுக்கும். வண்டி வேகம் பிடித்தால்தான் டைனமோ விழிக்கும்.

ரயிலிலும் இதே கதை. கொல்லம்–செங்கோட்டை மீட்டர்கேஜ் பாதை 1904-ல் திறந்தது. பெட்டிக்கு அடியில் தொங்கும் டைனமோவைச் சக்கர அச்சிலிருந்து பட்டை பெல்ட் போட்டுச் சுற்றி விளக்கெரிக்கும் முறையை லண்டனைச் சேர்ந்த ஸ்டோன் கம்பெனி பரப்பியது. இந்திய ரயில்களிலும் அது நெடுங்காலம் ஓடியது. ஸ்டேஷனில் நின்றால் பேட்டரி, ஓடினால் டைனமோ.

சரி, வேகம் குறைந்தால் ஏன் தராது? பெரிய கப்பி போட்டு வேகமாகச் சுற்ற வேண்டியதுதானே என்று கேட்கலாம். அங்கேதான் ஆம்பியர் சொன்ன அந்தச் சுவிட்ச் குறுக்கே நிற்கிறது. டைனமோவில் மின்சாரம் பிறக்கும் சுருளே சுற்றுகிறது. அதிலிருந்து வரும் முழு மின்சாரத்தையும் செம்புத் துண்டுகளால் ஆன கம்யூட்டேட்டர்மேல் கார்பன் பிரஷ் உரசித்தான் வெளியே எடுக்க வேண்டும். ரொம்ப வேகமாகச் சுற்றினால் துண்டுகள் கிளம்பிவிடும், பிரஷ் பொறி கக்கும். பழைய கார் டைனமோ இருபது ஆம்பியர் சுற்றித் தந்தாலே பெரிய விஷயம்.

அண்ணாச்சியின் தொழிலே இந்தக் குறைபாட்டின்மேல் கட்டப்பட்டதுதான். பதினைந்து வயதில், அறுபதுகளின் கடைசியில், ஒரு தனியார் பஸ் ஷெட்டில் எடுபிடியாகச் சேர்ந்தவர். கம்யூட்டேட்டர் தேய்ந்து பள்ளம் விழுந்தால் லேத்தில் கொடுத்து ஒரு சீவு சீவுவது, பிறகு செம்புத் துண்டுகளுக்கு நடுவே நிற்கும் மைக்காவைத் தேய்த்த ஹாக்ஸா பிளேடால் கீறி இறக்குவது, ஆர்மேச்சரை குரௌளர்மேல் வைத்து பிளேடு அதிருகிறதா என்று பார்த்து எந்தச் சுருள் ஷார்ட் என்று சொல்வது, பிறகு பருத்தி நாடா சுற்றி, வார்னிஷ் ஊற்றி, வெயிலில் காயவைப்பது. "மைக்கா வெட்டத் தெரியாதவன் எலக்ட்ரீசியன் இல்ல தம்பி" என்றார். கட்-அவுட் என்று ஒரு டப்பா இருக்கும். டைனமோ நின்றால் பேட்டரி மின்சாரம் திரும்ப டைனமோவுக்குள் பாய்ந்து அதை மோட்டாராக்கிச் சுட்டுவிடும். அதைத் தடுக்கிற ரிலே அது. அதன் பாயிண்ட்டைத் தேய்த்து, ஸ்பிரிங்கை ஒரு நூல் வளைத்து, காதால் 'டிக்' சத்தம் கேட்டுச் செட் பண்ணுவாராம். புது டைனமோ மாட்டினால் ஒரு வயரை ஒரு தொடு தொட்டு அதற்குப் பிளஸ் மைனஸ் 'கத்துக்கொடுக்க' வேண்டும். அதை மறந்தால் டைனமோ தலைகீழாகச் சார்ஜ் செய்யப் பார்க்கும்.

டைனமோவை ஒழித்தது சிலிக்கான். பிக்ஸியின் முதல் இயந்திரம் போலவே காந்தத்தைச் சுற்றவிட்டுச் சுருளை நிறுத்திவிட்டால், பெரிய மின்சாரம் எந்தப் பிரஷையும் தாண்ட வேண்டாம். சுற்றும் காந்தத்துக்கு வேண்டிய இரண்டு மூன்று ஆம்பியர் மட்டும் வழவழப்பான இரண்டு வளையங்கள் வழியாகப் போனால் போதும். பிரச்சினை, வருவது ஏசி. அதை ஒரே திசைக்குத் திருப்ப வேண்டும். செலினியம் தகடுகளால் இதைச் செய்தார்கள். அமெரிக்காவில் ரேடியோ வைத்த போலீஸ் கார்களுக்கும் ஆம்புலன்ஸ்களுக்கும் 1940-களின் கடைசியிலேயே அப்படிப்பட்ட ஆல்டர்னேட்டர்கள் விற்றன. ஆனால் தகடுகள் கனத்த சாமான், இஞ்சின் பக்கத்தில் வைக்க இடம் போதாது. 1950-களில் சிலிக்கான் டயோடு வந்ததும் கதை முடிந்தது. சுண்டுவிரல் நுனியளவு பொருள், கிணற்று பம்பின் ஃபுட் வால்வு போல ஒரு பக்கம் விடும், மறுபக்கம் விடாது. அப்படி ஆறை ஆல்டர்னேட்டரின் முதுகுக்குள்ளேயே பதித்துவிடலாம். கிரைஸ்லர் கம்பெனி தன் 1960 வேலியன்ட் காரில் டைனமோவை எடுத்துவிட்டு இதை வைத்தது. அடுத்த பத்து வருஷத்துக்குள் அமெரிக்காவில் புதுக் கார்களிலிருந்து டைனமோ மறைந்தது.

ஒரு உபரி லாபமும் உண்டு. டயோடு மறுபக்கம் விடாது என்பதால் கட்-அவுட்டும் தேவையில்லை.

நம்ம ஊரில் அப்படி நடக்கவில்லை. லூகாஸ்-டிவிஎஸ் 1961-ல் பிரிட்டிஷ் லூகாஸும் டிவிஎஸ்ஸும் சேர்ந்து தொடங்கியது. சென்னை பாடியில் தொழிற்சாலை. சுந்தரம் ஐயங்கார் பெயர் இங்கே இரண்டாவது தடவை வருகிறது, அப்போது அவர் உயிரோடு இல்லை. இந்திய வண்டிகளின் டைனமோ, ஸ்டார்ட்டர் என்று நினைத்தாலே பிறகு அந்தப் பெயர்தான் வந்தது. ஆனால் அந்தப் பொருள்களை மாட்ட வேண்டிய கார்கள் எவை? 1950-களின் பிரிட்டிஷ் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு அப்படியே நம்ம அம்பாசிடர் ஆகிவிட்டது. பியட் 1100 பிறகு பிரீமியர் பத்மினி. இரண்டும் டைனமோவோடு வந்தவை. லைசென்ஸ் ராஜ்யத்தில் மாடலை மாற்ற யாருக்கும் அவசரமில்லை. வாங்குபவர்கள் வருஷக்கணக்கில் வரிசையில் நிற்கும்போது எதற்கு மாற்ற வேண்டும்? உலகம் டைனமோவைக் கழற்றிக்கொண்டிருந்த வருஷங்களில் நாம் டைனமோவைச் செப்பனிடுவதில் கைதேர்ந்தவர்களானோம். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. தென்காசி மாதிரி ஒரு ஊரில் மைக்கா வெட்டத் தெரிந்த ஐந்தாறு பேர் குடும்பம் நடத்தியது அந்தத் தேக்கத்தால்தான். 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தது ஆல்டர்னேட்டரோடு. அதற்குள் ஊர் வாயில் 'டைனமா' ஊறிப்போயிருந்தது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் டைனமோ என்ற சொல்லைக் காரில் கற்கவில்லை, சைக்கிளில் கற்றோம். பின்சக்கர டயரில் உரசவிட்டு, முன்னால் விளக்கெரியும் அந்தப் புட்டி டைனமோ. அதை ஒருநாள் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே ஒரு காந்தம் சுற்றும், சுருள் நிற்கும், கம்யூட்டேட்டர் கிடையாது. வருவது ஏசி. பல்புக்கு ஏசி டிசி எல்லாம் ஒன்றுதானே. அதாவது சைக்கிள் டைனமோ எந்நாளும் ஆல்டர்னேட்டராகவே இருந்திருக்கிறது! லைட் இல்லாமல் போய் போலீஸிடம் மாட்டிய ஒரு தலைமுறையே, பெயரை டைனமோ என்றும் பொருளை ஆல்டர்னேட்டராகவும்தான் அறிந்திருக்கிறது.

பாபநாசத்தில் 1944 முதல் தாமிரபரணித் தண்ணீர் சுற்றும் மின்நிலைய இயந்திரங்களும் இதே குலம்தான். நடுவில் காந்தம் சுற்றும், சுற்றியுள்ள கம்பி நிற்கும். தென்காசியிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். அங்கே தண்ணீர் சுற்றுகிறது, எங்க அத்தான் வண்டியில் ஃபேன் பெல்ட் சுற்றுகிறது. அங்கிருந்து ஏசியாகவே கம்பியில் போய்விடும், இங்கே மட்டும் ஆறு டயோடுகள் காவல் நிற்கின்றன.

புதன்கிழமை காலை வண்டிக்குக் கீழே படுத்தேன். அண்ணாச்சி, டயோடு தகடு மதுரையிலிருந்து வர இரண்டு மூன்று நாள் ஆகும் என்று சொல்லியிருந்தார். சனிக்கிழமையை நினைத்து அத்தான் திருநெல்வேலிக்குப் போய் ரீகண்டிஷன் செய்த ஒன்றை வாங்கி வந்துவிட்டார். மாட்டுவது நான். யூடியூபைப் பார்த்தால் அரைமணி நேர வேலை.

முதலில் பேட்டரியின் மைனஸ் டெர்மினல். பத்தாம் நம்பர் ஸ்பானர். இதைக் கழற்றாமல் ஆல்டர்னேட்டரின் தடித்த வயரில் ஸ்பானர் வைத்து அது பாடியில் பட்டால் வெல்டிங்தான். பிறகு தடித்த வயர், டேஷ்போர்டு விளக்குக்குப் போகும் மெல்லிய வயர். இந்த மெல்லிய வயரை லேசாக நினைக்கக் கூடாது. இந்த மாதிரிப் பல வண்டிகளில் அந்தச் சிவப்பு விளக்கின் வழியாக வரும் சிறு மின்சாரம்தான் சுற்றும் காந்தத்தை முதலில் எழுப்புகிறது. பல்பு ஃபியூஸ் ஆனால் நல்ல ஆல்டர்னேட்டரும் தூங்கிக்கொண்டே இருக்கலாம்.

பெல்ட்டைத் தொட்டதும் விஷயம் புரிந்தது. தொளதொளவென்று இருந்தது. உள்பக்கம் கண்ணாடி போலப் பளபளப்பு. சாரலில் நனைந்து, விளக்கும் வைப்பரும் பாரம் கொடுக்க, பெல்ட் வழுக்கியிருக்கிறது. அன்றைக்குச் சிவப்பு விளக்கு எரிந்ததற்கு அது மட்டுமே போதும். ஆல்டர்னேட்டர் அதுவரை உயிரோடுதான் இருந்திருக்க வேண்டும்.

அப்படியானால் கொன்றது யார்? ஓடுகிற வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றுவது டைனமோ காலத்துச் சோதனை. கழற்றியும் விளக்கு எரிந்தால் டைனமோ நல்லது. சேதம் பெரிதாக இருக்காது, ஏனென்றால் அங்கே இருந்தது செம்பும் கார்பனும். ஆல்டர்னேட்டரிலோ, நிறைய மின்சாரம் ஓடும்போது பேட்டரியைப் பிடுங்கினால், காந்தம் உடனே அடங்காது. போக்கிடம் இல்லாத அந்த வேகம் வோல்ட்டேஜாக ஏறும். 12 வோல்ட் வண்டியில் கண்ணிமைக்கும் நேரம் அது நூறு வோல்ட்டைக்கூட எட்டலாம். ஹெட்லைட் வெள்ளையாக எரிந்தது அதனால்தான். டயோடு அதைத் தாங்காது.

டீக்கடைப் பெரியவர் டைனமா என்றார், டைனமாவுக்கு உள்ளதைச் செய்தார். இங்கே பெயர் வெறும் பெயராக இல்லை. பொருள் மாறியும் பெயர் மாறாததால், பழைய பொருளின் பழக்கமும் அதோடு தங்கிவிட்டது. முதல் சுற்றில் அண்ணாச்சிக்குக் கொடுத்த மார்க்கில் கொஞ்சம் குறைக்கலாமா என்று படுத்த வாக்கில் யோசித்தேன்.

அதற்குள் வேறு வேலை வந்தது. ஆல்டர்னேட்டரின் பின்னால் ஒரு உருண்டை டப்பா, அதிலிருந்து மூன்று குழாய். யூடியூப்காரர் காட்டிய கார் பெட்ரோல். எங்க வண்டி டீசல். பெட்ரோல் இஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுப்பிலிருந்தே பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் கிடைத்துவிடும். டீசலில் அந்த இழுப்பு கிடையாது, தனி வேக்குவம் பம்ப் வேண்டும். நம்ம ஊரில் ஓடிய எத்தனையோ டீசல் வண்டிகளில் அந்தப் பம்ப் ஆல்டர்னேட்டரின் அச்சிலேயே பின்னால் மாட்டியிருக்கும். ஒரு குழாய் பிரேக் பூஸ்டருக்கு, ஒன்று இஞ்சினிலிருந்து ஆயில் வர, தடித்தது ஆயில் திரும்பிப் போக. அன்றைக்குப் புளியரை இறக்கத்தில் பெல்ட் வழுக்கியபோது சார்ஜ் மட்டும் குறையவில்லை, பம்பும் மெதுவாகச் சுற்றியிருக்கிறது. பிரேக் கல் மாதிரி ஆனது அதனால். வண்டியில் அக்கா, பிள்ளைகள், எங்க அம்மா எல்லாரும் இருந்தார்கள். அந்த டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன்.

மாட்டும்போது பம்புக்குள் இரண்டு ஸ்பூன் இஞ்சின் ஆயில் விட்டேன், முதல் சுற்றில் காய்ந்து ஓடக் கூடாதே. புது பெல்ட். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் சுற்றி உள்ளே போக வேண்டும். ரொம்ப இறுக்கினால் பேரிங் போகும். அரைமணி வேலை மூன்றரை மணி நேரம் ஆனது. ஸ்டார்ட் செய்தேன். மல்டிமீட்டரில் 14.1 வோல்ட், எல்லா விளக்கையும் போட்டால் 13.9. வெற்றி! அத்தான் வண்டியை ரிவர்ஸ் எடுத்தார், பிரேக்கை மிதித்தார், மறுபடியும் கல். வாசல் தென்னை மரத்துக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. பானெட்டுக்குள் 'உஸ்' என்று சத்தம். பூஸ்டருக்குப் போகும் குழாயின் கிளாம்ப்பை நான் முறுக்கவே இல்லை. மாட்டிவிட்டு விட்டிருக்கிறேன்.

முறுக்கினேன். மிதி இறங்கியது. அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. இந்தத் தென்னை மரம் புளியரை வளைவாக இருந்திருந்தால் என்று நான்தான் இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆல்டர்னேட்டரை வீட்டில் மாற்றலாம், தாராளமாக மாற்றலாம். டீசல் வண்டியாக இருந்தால் பின்னால் பம்ப் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் அது பிரேக் வேலை என்றே நினைத்துச் செய்யுங்கள்.

பழையதை எடுத்துக்கொண்டு அண்ணாச்சியிடம் போனேன். புதுசு மாட்டியாச்சு என்று சொல்லத் தயக்கம். அவர் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் பிரித்தார். ஐந்து நிமிஷத்தில், "ரெண்டு டயோடு, ரெகுலேட்டரு. ஸ்டேட்டர் ஜம்முன்னு கெடக்கு. ரோட்டரும் நல்லாருக்கு" என்றார். கருகிய டயோடைக் காட்டினார். ஓடும்போது டெர்மினலைக் கழற்றிய கதையைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"டைனமான்னு பேரு வச்சா டைனமாவா ஆயிருமா? வண்டியப் பாக்காண்டாமா?"

"நீங்கதானே அண்ணாச்சி எல்லாம் ஒண்ணுன்னு சொன்னீங்க?"

"ஒண்ணுதான். எங்க அய்யாவும் நானும் ஒரே பேருதான், தாத்தா பேரு. அதுக்காக அவருக்குப் போடுத சோத்த எனக்குப் போடுவாளா எங்க அம்மா?"

கடையில் கூட்டம் இல்லை. மூலையில் குரௌளர் தூசி படிந்து கிடந்தது. இப்போது வருகிற பையன்கள் யாரும் பிரிப்பதில்லையாம், "கழட்டு, மாட்டு, பில் போடு" என்றார். நானும் அந்த வாரம் அதைத்தான் செய்திருந்தேன். பழையதை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். தகடு மதுரையிலிருந்து வந்ததும் சரிபண்ணி வைத்துவிட்டார். போன வாரம் போனபோது அது அலமாரியில் இருந்தது, வேக்குவம் பம்ப் வாயில் துணி அடைத்து. மேலே வெள்ளை பெயின்ட்டால் எழுதியிருந்தார்: 'டைனமா. நல்லது. ஓடும்போது பேட்டரி கழட்டாதே.'